யந்திரம் தொட்டால் வாத்தியம் சாகுமா?

சங்கீதத்தில் ருசியுள்ளவர்கள் என்று தில்லியில் பெயர் எடுத்தவர்களிடையே வெகு காலமாக வேரூன்றி நிற்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு மனிதர் தம் பட்டறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசி மெருகு ஏற்றுவது வரை தம் கையாலேயே செய்தால்தான் வாத்தியத்தில் ஜீவன் தங்கும் என்றும், அதையே ஒரு தொழிற்சாலையில் பல பேர் பங்கு போட்டுக்கொண்டு யந்திரங்களின் துணையோடு செய்தால் வெளியே வருவது வாத்தியத்தின் உருவம் தாங்கிய சரக்கேயன்றி வாத்தியம் அன்று என்றும் அவர்கள் சொல்கிறார்கள். தரியாகஞ்ச் கடைகளில் கிதார் வாங்க வரும் கல்லூரிப் பையன் முதல், பாபா கரக் சிங் மார்க்கத்து எம்போரியங்களில் வெண்கலமும் பட்டும் பொறுக்கும் சீமாட்டிகள் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தம் இது. எதிர்த்துப் பேசுகிறவனுக்கு ரசனை இல்லை என்று உடனே தீர்ப்பாகிவிடும். அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டே, மின்சாரக் கிதார் விஷயத்தில் இந்தச் சித்தாந்தம் முற்றிலும் பிழையானது என்றும், பிழையாக மட்டும் இருந்து தொலையாமல் நம் நாட்டுக்கு நஷ்டத்தையும் உண்டாக்கியது என்றும் வாதிக்கத் துணிகிறேன்.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சியை முதலில் கூண்டில் ஏற்றிவிடுவது நியாயம். கனாட் பிளேஸில் ரிக்கி ராம் வாத்தியக் கடை இருக்கிறது. 1920-இல் லாகூரில் தொடங்கி, தேசப் பிரிவினைக்குப் பின் தில்லிக்கு வந்து சேர்ந்த கடை அது. பண்டித ரவிசங்கருக்குச் சிதார் செய்து கொடுத்த குடும்பம் அவர்களுடையது. 1966 ஜூலையில் பீட்டில்ஸ் குழுவினர் தில்லியில் இறங்கியபோது வாத்தியம் தேடிப்போனதும் அங்கேதான். சிதாருக்குச் சுரைக்குடுக்கை வேண்டும். ஒரு குடுக்கையைப்போல் இன்னொரு குடுக்கை விளைவதில்லை. நம் தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர், தண்டியின்மேல் மெழுகு பரப்பி, 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தி மேளம் கட்டுகிறார். நாளாவட்டத்தில் மெழுகு இளகி ஸ்வரம் பிசகினால் பிரித்து மறுபடியும் கட்டுகிறார். பொருள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுபாவத்தோடு வருகிற இடத்தில், அந்தந்தச் சுபாவத்துக்கு இணங்கிப்போகக் கூடிய கையைவிட உயர்ந்த கருவி கிடையாது. இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. சிதாருக்கும் வீணைக்கும் சரியானது எல்லா வாத்தியத்துக்கும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் தாவுகிறார்களே, அந்தத் தாவலுக்குத்தான் ஆட்சேபம்.

ஏனென்றால், மின்சாரக் கிதார் கைவினையின் பொற்காலம் ஒன்றிலிருந்து சீரழிந்து தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்த வாத்தியம் அன்று. தொழிற்சாலையில் பிறந்த வாத்தியம் அது. 1930-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ரிக்கன்பேக்கர் என்பவரின் கம்பெனி செய்து விற்ற முதல் மின்சாரக் கிதாரில் பேருக்குக்கூட மரம் இல்லை. அலுமினியத்தை உருக்கி வார்த்த அதன் உருவத்தைப் பார்த்து ஜனங்கள் வாணலி என்று பெயர் வைத்தார்கள். 1950-இல் அதே பிரதேசத்து ஃபுல்லர்டன் நகரில், கெட்டியான மரப்பலகையில் கிதார் செய்து அதைப் பெரிய வியாபாரமாக்கிக் காட்டிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தையும் உடம்பையும் பசை போட்டு ஒன்றாக்குவதே சாஸ்திரம் என்று வாத்தியக்காரர்கள் நம்பியிருந்த காலத்தில், அவர் இரண்டையும் நாலு திருகாணியால் முடுக்கினார். கழுத்து வளைந்தால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம் என்பது அவர் கணக்கு. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு நாம் கொடுக்கிற மரியாதையை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் அநாசாரமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த அநாசாரத்தில்தான் அந்த வாத்தியத்தின் சிருஷ்டியே இருக்கிறது: எந்தக் கழுத்தும் எந்த உடம்போடும் பொருந்த வேண்டும் என்றால், ஒவ்வொரு கழுத்தும் மற்றதைப்போலவே இருந்தாக வேண்டும். அந்த ஒருமைப்பாட்டைக் கை கொடுக்காது. அச்சும் யந்திரமும்தான் கொடுக்கும்.

தொழிற்சாலையில் நடக்கிற முதல் காரியம் மரம் அறுப்பதன்று, மரத்தை உலர்த்துவது. சூளை அறையில் வைத்து, நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு ஈரம் மட்டும் மிஞ்சும்படி உலர்த்தி, பிறகு அதே வறட்சி காக்கப்படும் கூடத்தில் அடுக்கி, மரம் அடங்கும் வரை காத்திருக்கிறார்கள். இந்தப் பொறுமைக்குப் பணமும் இடமும் வேண்டும். சந்துக்குள் இருக்கும் பட்டறைக்கு இரண்டும் இல்லை. இதன் பலன் என்ன என்பதை அறியத் தில்லியைவிடத் தகுந்த ஊர் கிடையாது. ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில் மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கிறது. மே மாதத்து லூ காற்றில் அதே மரம் வற்றிச் சுருங்குகிறது. விரல் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும்போது அதில் பதித்த ஃபிரெட் கம்பிகள் சுருங்குவதில்லை. ஆகவே கோடையில், சரியாக உலர்த்தாத மரத்தில் செய்த கிதாரின் கழுத்தோரமாக விரலை ஓட்டிப் பார்த்தால், 22 கம்பிகளின் நுனிகளும் வரிசையாக நீட்டிக்கொண்டு, மீனின் முதுகுமுள்ளைப்போல் விரலைக் கீறும். தம் கையாலேயே செய்தேன் என்று ஒரு பட்டறைக்காரர் பெருமையோடு கொடுத்த கிதார் முதல் கோடையிலேயே இப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கையில் குற்றம் இல்லை; வேலை சுத்தமானது. மரத்தில்தான் ஈரம் இருந்தது.

அடுத்தது அந்தக் கம்பிகள் உட்காரும் இடம். ஃபெண்டர் கிதாரில் தந்தியின் வாசிப்பு நீளம் இருபத்தைந்தரை அங்குலம், அதாவது 647.7 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் மேல் முனையிலிருந்து முதல் ஃபிரெட் எவ்வளவு தூரம் என்பது கிடைக்கும்: 36.35 மில்லிமீட்டர். மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே கடைசிவரை. ஸ்வர ஸ்தானங்கள் எல்லாம் முன்கூட்டியே கணிதத்தால் நிர்ணயிக்கப்பட்டவை. வாசிக்கிறவனோ ஒரே சமயத்தில் ஆறு தந்திகளை அழுத்துகிறவன். ஒரு ஃபிரெட் அரை மில்லிமீட்டர் தவறி உட்கார்ந்தாலும், அந்த இடத்தைத் தொடுகிற ஒவ்வொரு ஸ்வரக் கூட்டிலும் அபஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். வீணையில்போல் மெழுகை இளக்கி நகர்த்த வழியில்லை. இந்த வரிப்பள்ளங்களைக் கையால் ரம்பம் பிடித்து அறுப்பதில் என்ன ஜீவன் பிறக்கிறது என்று ரசிகர்கள்தான் விளக்க வேண்டும். யந்திரம் எல்லாப் பள்ளங்களையும் ஒரே மூச்சில் அறுக்கிறது. நாளைக்கும் அதே இடத்தில்தான் அறுக்கும்.

ஆனால் பள்ளம் அறுத்தபின் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். கம்பியை அழுத்திப் பதித்ததும் நுனிகளைக் கத்தரித்து, ஓரத்தைச் சாய்வாக அராவி, எல்லாக் கம்பிகளின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி நீண்ட அரத்தால் தேய்த்து, தேய்த்ததில் தட்டையாகிப்போன தலையை மறுபடி உருட்டி, ஒவ்வொரு நுனியையும் சிறிய அரத்தால் தனித்தனியே மழுக்குகிறார்கள். ஜெர்மனியில் செய்த பிளெக் என்ற யந்திரம் நுட்பமாக அளந்து மட்டம் செய்யத் தெரிந்தது என்றாலும், நுனி மழுங்கியதா என்பதைப் பெருவிரல்தான் சொல்கிறது. யந்திரம் வந்ததனால் கை வெளியேறிவிட்டது என்பது தொழிற்சாலையின் உள்ளே கால் வைக்காதவர்களின் கற்பனை. கை எந்த வேலையில் தோற்குமோ அங்கே மட்டும் யந்திரம் வந்து நின்றது. கைக்கென்று விடப்பட்டவை எல்லாம் கையால்தான் ஆகும் வேலைகள்.

இது மற்றெல்லா இடத்தையும்விட மெருகுக் கூடத்தில் பிரத்தியட்சமாகத் தெரியும். அறுத்துக் குடைந்து வரும் பலகையை முதலில் சொரசொரப்பான உப்புத்தாளிலும் பிறகு மேன்மேலும் நைசான தாள்களிலும் தேய்க்கிறார்கள். துளை பெரிதாக உள்ள ஆஷ் மரமானால் துளைகளை அடைக்க ஒரு பூச்சு; பிறகு மரம் சாயத்தைக் குடித்துவிடாதபடி தடுக்க ஒரு பூச்சு; அதன்மேல் வர்ணம்; அதன்மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சுகள் பல. நடுவில் மஞ்சளாகத் தொடங்கி, சிவந்து, ஓரத்தில் கருமைக்குப் போகும் ‘சன்பர்ஸ்ட்’ என்ற வர்ணப் பூச்சைக் கவனியுங்கள். மஞ்சள் எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரியாமல் இருப்பதற்கு ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்த மணிக்கட்டு பலகையின் விளிம்பைச் சுற்றி ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் போய்வர வேண்டும். ஒரு கணம் தயங்கினால் அங்கே கறுப்புத் திட்டு விழும். காய்ந்தபின் தண்ணீர் விட்டு மறுபடி தேய்ப்பு. அதன்பின் துணிச்சக்கரத்தில் கம்பவுண்ட் தடவிப் பஃபிங். சக்கரத்தில் கிதாரின் விளிம்பை ஒரு விநாடி அதிகம் அழுத்தினால் சூட்டில் பூச்சு தேய்ந்து மரம் வெளியே தெரிந்துவிடும்; பல நாள் வேலை போயிற்று. எவ்வளவு அழுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுத்ததில்லை. கரோல் பாக் சந்துகளில் காருக்குப் பட்டி தடவி ஸ்ப்ரே அடிக்கிற பையன்களுக்கு இந்தக் கைப்பக்குவம் உண்டு. அவர்களைக் கலைஞர் என்று சொல்ல நம் ரசிகர்களுக்கு வாய் வருவதில்லை. ஃபெண்டர் கிதார்களின் புகழ்பெற்ற வர்ணங்களோ, டூபாண்ட் கம்பெனி மோட்டார் கார்களுக்காகக் காய்ச்சிய பெயிண்டுகள்தாம்.

இங்கே இன்னொரு மூடநம்பிக்கையையும் வெளியே இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பழைய நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் பூசினால் மரம் சுவாசிக்கும், தொழிற்சாலையின் பாலியெஸ்டர் பூசினால் மரம் மூச்சுத் திணறி நாதம் செத்துப்போகும் என்கிறார்கள். வெட்டிச் சூளையில் வாட்டிய மரம் சுவாசிப்பதில்லை. ஈரம் வாங்குகிறது, விடுகிறது, அவ்வளவே. அந்தப் பரிமாற்றம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதற்குத் தில்லியின் கோடையே சாட்சி. நைட்ரோ லாக்கர் அழகானது, மெல்லியது, சேதமானால் ஒட்டுப்போட எளியது. ஆனால் உஷ்ணம் சட்டென்று மாறினால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். பாலியெஸ்டர் கெட்டியானது, 1960-களின் இறுதியில் ஃபெண்டர் ஆலை அதைக் கண்ணாடிபோல் தடிக்கப் பூசியது அசிங்கம் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அது தடிமனின் குற்றம். மேலும், மின்சாரக் கிதாரில் காதுக்கு வருவது தந்தியின் கீழுள்ள காந்தச் சுருள் தந்தியின் அசைவைக் கண்டு உண்டாக்கும் மின்னோட்டம். அதில் மரத்தின் பங்கு எவ்வளவு என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கையில், மரத்தின்மேல் பூசிய பூச்சின் பங்கைக் குறித்துத் தத்துவம் பேசுவது மிதமிஞ்சியது.

அந்தக் காந்தச் சுருளின் கதை சுவாரசியமானது. தலைமயிரைவிட மெல்லிய எனாமல் பூசிய செம்புக்கம்பியை ஏறக்குறைய எண்ணாயிரம் சுற்று சுற்ற வேண்டும். சக்கரத்தை மோட்டார் சுழற்றும்; கம்பியை விரலிடுக்கில் பிடித்து இப்படியும் அப்படியும் வழிநடத்துவது ஒரு பெண்ணின் கை. 1956-இல் ஃபெண்டர் ஆலையில் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்ற அபிகெயில் இபாரா என்ற தொழிலாளி சுற்றிய, பிக்கப் என்ற இந்தச் சுருள்களுக்கு இன்று தனி விலை. பெயர் எழுதியே விற்கிறார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரசிகர்களின் கண்ணில் அவர் யார்? பெயரில்லாத ஆலைக்கூலி. அந்தக் காலத்து ஃபெண்டர் உடம்புகளில் வேறொரு வேடிக்கையும் உண்டு. ஸ்ப்ரே அடிக்கும்போதும் காயவைக்கும்போதும் பலகை தரையில் படாமல் நிற்பதற்காகத் தொழிலாளிகள் அதில் ஆணி அடித்துவிட்டு, காய்ந்ததும் பிடுங்கிவிடுவார்கள். அவசரத்துக்குப் பிறந்த அந்த ஆணித்துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் இன்றைய சேகரிப்பாளர் லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறார். தொழிற்சாலைப் பொருளில் ஜீவன் இல்லை என்கிறவர்கள் தலையில் வைத்துக்கொண்டாடுவதெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முந்திய தொழிற்சாலைப் பொருளையே! வயதாகிவிட்டால் ஜீவன் வந்துவிடும் போலும்.

இவ்வளவு சொன்னபின் எதிர்த்தரப்பினர் பெரியவர்களின் பெயரை எடுப்பார்கள். காந்தியடிகள், ஆனந்த குமாரசுவாமி. 1924 அக்டோபரில் இதே தில்லியில், இருபத்தொரு நாள் உபவாசம் முடித்து உடல் தேறிக்கொண்டிருந்த காந்தியடிகளை, பிற்காலத்தில் நம் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன், அப்போது சாந்திநிகேதன் மாணவர், யந்திரம் எதுவுமே கூடாது என்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். யந்திர மோகத்தைத்தான் எதிர்ப்பதாகவும் யந்திரத்தையே அன்று என்றும் சொன்ன காந்தியடிகள், தையல் மெஷினை விலக்காக எடுத்துக் காட்டினார். தையல் மெஷின் செய்யத் தொழிற்சாலை வேண்டாமா என்ற மடக்குக்கும் பின்வாங்கவில்லை. வேண்டும், ஆனால் அது அரசின் வசம் இருக்க வேண்டும், அதில் வேலை செய்கிறவர்களின் நிலைமை மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்றார். கொழும்பில் பிறந்த தமிழ் வம்சத்து மேதை குமாரசுவாமியோ, கருவி வேறு யந்திரம் வேறு என்று வகுத்து, கம்பளம் நெய்யும் தறியைக் கருவியின் பக்கம் சேர்த்தார். மனிதத் தன்மையுள்ள பகுதியை மனிதனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதைத்தான் அவர் யந்திரம் என்று வெறுத்தார். இரண்டு பேரும் பேசியது தொழிலாளியைப் பற்றி. நம் ரசிகர்கள் பேசுவது பொருளைப் பற்றி. பெரியவர்களின் கவலையைக் கழற்றிவிட்டு அவர்களின் அதிகாரத்தை மட்டும் இரவல் வாங்குவது நேர்மையன்று.

தொழிற்சாலையைத் திட்டுவதற்குக் காரணமே இல்லையா என்றால், நிறைய உண்டு. மரத்தூள் நுரையீரலில் படிகிறது. பூச்சுகளில் உள்ள திரவங்கள் மூச்சைக் கெடுக்கின்றன. ஒரே நுனியை ஆயுள் முழுவதும் அராவுகிறவனின் மணிக்கட்டு தேய்கிறது. தென்கொரியாவில் உலகப் புகழ்பெற்ற பல கம்பெனிகளுக்குக் கிதார் செய்து கொடுத்த கோர்ட் நிறுவனம், 2007, 2008 வருஷங்களில் இஞ்சியோன், தேஜான் நகரங்களில் இருந்த ஆலைகளை மூடித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியது. உற்பத்தி இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் தொடர்ந்தது. ஜன்னலே இல்லாத கூடத்தில் வேலை வாங்கப்பட்டதாகத் தேஜான் ஆலைத் தொழிலாளர்கள் சொன்னார்கள். அவர்களின் போராட்டம் 2019 வரை நீண்டது. இது உண்மையான குற்றச்சாட்டு. இதற்குப் பதில் ஜன்னலும் கூலியும் சங்கமும். கிதாரின் ஆத்மா எங்கே என்று தேடுகிற கனவான்கள் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தொழிற்சாலை இழிவானது என்று முன்னமே முடிவு கட்டிவிட்டவனுக்கு, அதைச் சீர்திருத்த வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

நம் நாட்டு நஷ்டத்துக்கு வருகிறேன். ஜப்பானில் மட்ஸுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலை 1960-இல் தொடங்கியது. வெகு காலம் மலிவுச் சரக்கு, போலிச் சரக்கு என்று ஏளனம் வாங்கியது. ஜப்பானியருக்கு மரவேலையில் இருந்த பரம்பரைத் தேர்ச்சியை எம்போரியத்தில் காட்சிக்கு வைக்காமல் ஆலைக்குள் கொண்டுபோனார்கள். 1982-இல் ஃபெண்டர் கம்பெனியே அங்கே தன் பெயரில் கிதார் செய்யச் சொல்லி வந்து நின்றது. அதே ஃபெண்டரின் ஸ்குவயர் II, ஸன் மஸ்டாங் என்ற மலிவுக் கிதார்கள் 1980-களின் இறுதியில் இந்தியாவிலும் செய்யப்பட்டு வெளிநாட்டில் விற்றன என்பது இன்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. இழந்ததாக யாரும் கருதவும் இல்லை. ஆலைச் சரக்குத்தானே!

ஆனால் அந்த ஆலைகளுக்கு வேண்டிய மரம் நம்முடையது. பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போனதால், மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிதார்க் கம்பெனி 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதுமுதல் வயநாட்டிலும் நீலகிரியிலும் விளையும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்களே, அதுவே உலகத்துக் கிதார்களின் விரல் பலகைக்குப் பேர்போன மரமாயிற்று. அறுத்த மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது, முழுமை பெற்ற பொருளாகத்தான் அனுப்பலாம் என்பது நம் சட்டத்தின் போக்கு. நம்மவருக்கு வேலை கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கம். 2011 ஆகஸ்டு 24-ஆம் தேதி அமெரிக்க வனவிலங்குத் துறையின் அதிகாரிகள் கிப்சன் கிதார்க் கம்பெனியின் நாஷ்வில், மெம்ஃபிஸ் ஆலைகளில் புகுந்து இந்தியாவிலிருந்து வந்த விரல் பலகைத் துண்டுகளைக் கைப்பற்றினார்கள். பிறநாட்டுச் சட்டத்தை மீறி வந்த மரம் அமெரிக்காவிலும் குற்றம் என்பதால், இந்தத் துண்டு இந்தியச் சட்டப்படி அறுத்த மரமா, முழுமை பெற்ற பொருளா என்பதே வழக்கு. தில்லியில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திலிருந்து போன கடிதம், விரல் பலகை முழுமை பெற்ற பொருளே என்று சொல்லிற்று. மறு வருஷம், அதற்கு முந்திய வேறொரு புகாரான மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துக்காகக் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி உடன்பாட்டுக்கு வந்தது. இந்திய மரம் அதனிடமே திரும்பிப் போயிற்று.

கிப்சனுக்கு அதில் லாபம். எனக்குப் புகார் இல்லை. ஆனால் நம் தலைநகரத்து அலுவலகம் முழுமை பெற்றது என்று முத்திரை குத்திய அந்தப் பொருளின் லட்சணத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பட்டை அது. ஒரு கம்பியும் பதியாதது, ஒரு துளி மெருகும் ஏறாதது. பள்ளம் அறுப்பது, கம்பி அழுத்துவது, நுனி மழுக்குவது, வர்ணம் அடிப்பது, சக்கரத்தில் காட்டுவது, சுருள் சுற்றுவது ஆகிய கைவேலை அத்தனையும், அவற்றின் கூலியும், நாஷ்வில்லில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.